சீசரின் முதுகில் பதினான்கு மில்லிமீட்டர்

எந்திரம் பொய் சொல்லாது என்று உங்களுக்கு ஸ்கேன் எந்திரம் விற்க வருகிறவர் சொல்லுவார். சட்டை மடிப்புக் கலையாமல், டை கட்டிக்கொண்டு சொல்லுவார். அவரை மறுத்துப் பேசாதீர்கள், பாவம். அவர் சொல்வது உண்மைதான். பொய் சொல்லுகிற அளவுக்கு எந்திரத்துக்குத் திறமை போதாது. அதற்கு நம் கை வேண்டும்.

கால்நடை மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், நான் செய்த பெரிய சிகிச்சைகளைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். அவையெல்லாம் நன்றாக முடிந்தவை. நன்றாக முடிந்த காரியத்திலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு நாயின் கொழுப்பை நான் அளந்த கதையைச் சொல்கிறேன். படித்துவிட்டு என் மேல் இருக்கிற மரியாதை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். ஓய்வு பெற்றவனுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில், இரண்டு லாட்ஜுகளுக்கு இடையே போகிற ஒரு சந்தில் என் கிளினிக் இருந்தது. மனிதர்களுக்கான ஸ்கேன் சென்டர் ஒன்று புது எந்திரம் வாங்கியபோது, அவர்களுடைய பழைய அல்ட்ராசவுண்டு எந்திரத்தை நான் வாங்கிக்கொண்டேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்பட மாட்டாது என்ற ஸ்டிக்கர் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. உரித்தால் பெயிண்டும் சேர்ந்து வந்தது, விட்டுவிட்டேன். சினையாக இருந்த பொமரேனியனைக் கொண்டுவந்த ஒரு வாத்தியார் அதைப் படித்துவிட்டு, இந்தச் சட்டம் நாய்க்கும் உண்டா என்று மிகவும் கவலையாகக் கேட்டார்.

குட்டிகளை எண்ணுவதற்குத்தான் எந்திரத்தை வாங்கினேன். ஆனால் நாயின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை இதை வைத்து அளக்கலாம் என்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பிடித்துக்கொண்டது. இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் ஒரு கையகலம் முடியை மழித்து, ஜெல்லி தடவி, எந்திரத்தின் கைப்பிடியை அங்கே வைத்தால், திரையில் மேலே தோல், கீழே தசை, நடுவே கறுப்புப் பட்டையாகக் கொழுப்பு தெரியும். பட்டையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கூட்டல் குறியை நிறுத்தினால் இத்தனை மில்லிமீட்டர் என்று எந்திரம் சொல்லிவிடும். அதிலிருந்து, நாயின் எடையில் கொழுப்பு எத்தனை கிலோ, மற்றது எத்தனை கிலோ என்று பிரிக்க நானே ஓர் அட்டவணை தயாரித்து, லேமினேஷன் செய்து சுவரில் மாட்டினேன். லேமினேஷன் செய்துவிட்டால் எதுவும் விஞ்ஞானம் மாதிரி ஆகிவிடும்.

இதில் கைப்பழக்கம் ஒன்றுதான் முக்கியம். தூங்குகிற குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கக் கை வைப்பதுபோல, கைப்பிடி தோலின் மேல் வைத்தும் வைக்காமலும் இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்து அழுத்தினால் கொழுப்பு பஞ்சு மாதிரி அமுங்கிக்கொடுக்கும். பட்டை மெலிந்து, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். இதை என் கம்பவுண்டருக்கு நான் நூறு தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன்.

சீசர் என்கிற லாப்ரடார் எங்களிடம் வந்தது பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து. அங்கே மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றுகிற பவுண்டரி வைத்திருந்த ஒருவரின் நாய். மாருதி வேனில் பவானி ஜமக்காளத்தை விரித்து, அதன் நான்கு முனையையும் நாலு பேர் பிடித்து உள்ளே தூக்கிவந்தார்கள். பின்னங்கால் முட்டியில் தசைநார் அறுந்திருந்தது. எடை ஐம்பத்திரண்டு கிலோ. வார்ப்புகளை நிறுக்கிற தராசில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அந்த உயரத்துக்கு முப்பத்தைந்து இருந்தாலே தாராளம்.

முதலாளி அதிகம் பேசாதவர். அவருடைய மனைவி சாவித்திரியம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுவார். முதலாளிக்கு ஒரு வருடம் முன்பு சர்க்கரை வந்து, அரிசியையும் இனிப்பையும் நெய்யையும் டாக்டர் நிறுத்திவிட்டாராம். சாவித்திரியம்மாவின் கைக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. வழக்கமான அளவுக்கே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினார், வழக்கமான அளவுக்கே நெய் ஊற்றினார், ஒப்புட்டு என்று நாங்கள் சொல்கிற போளியும் தட்டினார். கணவர் சாப்பிடக் கூடாததை எல்லாம் நாய் சாப்பிட்டது. முதலாளிக்குச் சர்க்கரை இறங்க இறங்கச் சீசருக்கு எடை ஏறியது.

அறுவை சிகிச்சை செய்தால் நடக்கும், ஆனால் இவ்வளவு கொழுப்போடு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்று சொன்னேன். முதுகில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் இருந்தது. பதினைந்துக்குக் கீழே வந்தால் செய்யலாம் என்றேன். அதற்குள் பாரம் தாங்காமல் மற்ற காலும் போய்விட்டால், ஊசி போட்டுத் தூங்கவைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது என்பதையும் சொன்னேன். சாவித்திரியம்மா நாயைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தானுங்க ஊட்டி ஊட்டி இப்புடிப் பண்ணிப்போட்டேன்" என்றார். "நீங்க ஒரு அளவு சொல்லிப்போட்டீங்க. இனி அது கொறையறதுதானுங்க எனக்குச் சோறு, தண்ணி எல்லாம்."

அடுத்த மாதம் வந்தார்கள். இடையில் சாவித்திரியம்மா மருதமலை முருகன் கோயில் படியேறி வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார். சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்றார். கூடவே எனக்கும் கம்பவுண்டருக்கும் ஐந்தடுக்கு டிபன் கேரியர் வந்தது. மறுக்க முடியாது, எங்கள் பக்கத்தில் சாப்பாட்டை வேண்டாமென்று சொல்வதும் வீட்டுக்காரர்களை வேண்டாமென்று சொல்வதும் ஒன்றுதான். முதலில் சாப்பிட்டோம், பிறகு அளந்தோம். இந்த வரிசையை நீங்கள் ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்து வளர்ந்தவன் நான். அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நினைத்துவிட்டேன்.

திரையில் இருபத்திரண்டு. அசையவில்லை. சாவித்திரியம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது எங்கள் ஊர்க்காரனுக்குக் கெட்ட வார்த்தை மாதிரி. கடைக்காரர்கூடச் சரக்கு இல்லை என்று சொல்ல மாட்டார். நாளைக்கு வாங்க, பார்க்கலாமுங்க என்பார். படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்றேன். எடுத்தேன். இருபது. சாவித்திரியம்மா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

அழுத்தியது எனக்கே தெரியாது, கை தானாகச் சாய்ந்துவிட்டது என்று நான் இப்போது சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். தெரியும். அழுத்துகிறேன் என்று நன்றாகத் தெரியும்.

அதற்கடுத்த மாதம் பதினேழு. அதற்கும் அடுத்த மாதம் பதினான்கு. ஒரு தடவை இரண்டு குறைத்துக் காட்டிவிட்டால் அடுத்த தடவை ஏற்ற முடியாது, தெரியுமா? படம் அச்சாகி வருகிற பளபளப்புத் தாளை ஒவ்வொரு முறையும் சாவித்திரியம்மா வாங்கிப்போய்ப் பூஜை அறையில் முருகன் படத்துக்குக் கீழே செருகி வைத்தார். விவரம் தெரிந்தவன் பார்த்தால் அந்தப் படங்களில் தோலின் கோடு நசுங்கியிருப்பதைக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நிம்மதியாக இருந்தேன்.

முதலாளி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். தராசில் எடை ஐம்பத்திரண்டிலேயே நிற்கிறதே என்று கேட்டார். கொழுப்பு கரைந்து தசையாக மாறிக்கொண்டிருக்கிறது என்று விளக்கம் சொன்னேன். எழுந்து நிற்கக்கூட முடியாத நாய்க்குத் தசை எங்கிருந்து வருகிறது என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. மரியாதையான மனிதர். எங்கள் இருவரையும் மரியாதைதான் கெடுத்தது.

பதினான்கு என்று நானே சொன்னபிறகு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட எனக்குக் காரணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாள் குறித்தோம். மயக்க மருந்து கொடுக்க, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மனிதர்களுக்கு மயக்கம் கொடுக்கும் டாக்டரம்மா ஒருவர் எனக்கு உதவியாக வருவார். அவர் வீட்டு நாயை நான் பார்ப்பேன், என் நாய்களுக்கு அவர் மயக்கம் கொடுப்பார். அப்படி ஒரு பண்டமாற்று. என்னைவிடப் பத்து வயது இளையவர். கணக்கில் கறார்.

அந்த மருந்தை நாயின் மொத்த எடைக்குக் கொடுக்கக் கூடாது, கொழுப்பைக் கழித்துவிட்டு மீதி உடம்புக்குத்தான் கொடுக்க வேண்டும். கொழுப்பு போக எத்தனை கிலோ என்று கேட்டார். நான் சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டி நாற்பது என்றேன். உண்மையில் அது முப்பதைத் தாண்டியிருக்காது. இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மாதாமாதம் நான் குறைத்துக் காட்டிய கொழுப்பு எங்கேயும் போய்விடவில்லை. அப்படியே மருந்தாக மாறி ஊசிக்குள் ஏறியிருந்தது. அந்த நிமிடம்கூட நான் சொல்லியிருக்கலாம். முகம் கழுவப் போகிறவன் போலக் கைகழுவும் தொட்டிக்குப் போய்விட்டேன்.

பாதி மருந்தைக் கொடுத்துவிட்டுப் பார்த்தார். சீசர் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. மீதியும் போனது. தலை சாய்ந்தது, நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது, அதற்குப் பிறகு ஏறவில்லை.

டாக்டரம்மா பதறவில்லை. தொண்டையில் குழாயைச் செருகினார், காற்றுப்பையைப் பொருத்தி அமுக்கத் தொடங்கினார். நாக்கு கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. கம்பவுண்டர் தொடையில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இருக்கிறது, ஆனால் நூல் மாதிரி இருக்கிறது என்றான். டாக்டரம்மா பையை அமுக்கியபடியே தட்டில் இருந்த வேறொரு ஊசியை இடது கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"உங்க அளவு சரிதானுங்களா? மருந்து கூடிருச்சுன்னா இப்புடியே காத்துக் குடுத்துட்டுக் காத்திருக்கலாம். அளவு சரின்னா இது இதயமுங்க. இதைப் போடோணும். தப்பாப் போட்டா இருக்கறதும் நின்னுரும். சொல்லுங்க."

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் முதலாளியும் சாவித்திரியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே என் கம்பவுண்டர், நூறு தடவை என்னிடம் பாடம் கேட்டவன், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் லேமினேஷன் செய்த அட்டவணை. அளவு சரிதான் என்று சொல்லிவிட்டால் நாய் ஒருவேளை செத்துப்போகும். இதயக் கோளாறு, யார் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்லுவார்கள். டிபன் கேரியர்கூட வரும். இதையெல்லாம் நான் யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டாக்டரம்மா பையை மூன்று தடவையோ நான்கு தடவையோ அமுக்கினார். என் வாழ்நாளில் நான் வெட்கப்படுகிற நேரம் என்றால் அழுத்தி அளந்த மாதங்கள்கூட இல்லை, அந்த மூன்று நான்கு அமுக்கல்தான்.

"அளவு பொய்ங்க" என்றேன். "நான் அழுத்தி எடுத்தேன்."

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊசியைத் தட்டில் போட்டார். பையை என் கையில் கொடுத்தார்.

"அப்ப நீங்க அமுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

அமுக்கினேன். அந்த வேலையில் எனக்குத்தான் நல்ல பழக்கம் இருந்ததே. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். விரல்கள் மரத்துப்போய், என் கை எது பை எது என்று தெரியாமல் போனபிறகு, சீசர் தானாக ஒரு மூச்சு இழுத்தது. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொன்று. கம்பவுண்டர் அழுதுவிட்டான். நானும்தான். அறுவை சிகிச்சையை விட்டுவிட்டோம். டாக்டரம்மா சாயங்காலம் வரை நாயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது சுவரைக் காட்டி, அந்த அட்டவணையைக் கழற்ற வேண்டியதில்லை, அது சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிடக் கடுமையாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

சாவித்திரியம்மா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இருந்தாலும் நான் கூப்பிட்டு உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது மாதமே குறையவில்லை, மூன்றாவது மாதமும் குறையவில்லை, நாலாவது மாதமும் குறையவில்லை, எல்லாம் என் கை செய்தது என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார்.

"தப்பு என்ற மேலயும் இருக்குதுங்க" என்றார். "சோத்தப் பாதியாக் கொறச்சது நெசந்தானுங்க. ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் கொறஞ்சிருக்குதுன்னு சொன்னீங்களா, அந்தச் சந்தோசத்துல ஊட்டுக்குப் போனதீம் ஒப்புட்டு சுட்டு ரெண்டு சேத்திப் போட்டேனுங்க. அப்பறம் தெனமும் ஒண்ணு. அதுதான் கொறஞ்சுட்டு வருதேன்னு."

நான் கொடுத்த பொய்க்கு நாய்க்கு நெய்யில் பரிசு கிடைத்திருக்கிறது. அவர் முன்னாலேயே ஜெல்லி தடவி, கைப்பிடியை வைத்தும் வைக்காமலும் வைத்து, குறிகளை நிறுத்தினேன். இருபத்து நான்கு. ஆரம்பித்த இடத்தைவிட இரண்டு அதிகம். சாவித்திரியம்மா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"மொதல்லயே சொல்லியிருந்தா நானு அழுதிருப்பேன். அவ்வளவுதானுங்களே, டாக்டரே."

சீசர் பிழைத்தது, இளைத்தது, பல மாதம் கழித்து அதே மேசையில் அறுவை சிகிச்சை முடிந்து நாலு காலில் நடந்து வேனில் ஏறியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், அடுத்த மாதம் நடந்த அளவெடுப்பைப் பற்றி.

அன்றைக்கும் சாவித்திரியம்மா என் தோளுக்குப் பின்னால்தான் நின்றார். என் கை அழுத்தவில்லை. திரையில் அதே இருபத்து நான்கு. கொறையலீங்க என்று நான் சொன்னேன். மாத அளவெடுப்பில் நான் அவரிடம் மறைக்காமல் சொன்ன முதல் கெட்ட செய்தி அது. அவர் சொன்னபடியே அழுதார். பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் நன்றாக அழுதார். முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவித்திரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து, "செரிங்க, இனி என்ன பண்ணோணும்?" என்று கேட்டார்.

அதைக் கேட்க அவருக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. நான் மூன்று மாதம் அவரைக் கேட்கவிடவில்லை.